உங்களுக்குத் தெரியுமா? – இருளில் எழுந்த துதிகள்

● பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் பிரம்பால் அடித்து, உட்காவல் அறையில் கால்களைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். நடுராத்திரியில் இருவரும் ஜெபம்பண்ணித் துதித்துப் பாடினார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூமி அதிர்ந்ததும் கட்டுகள் கழன்றதும் அதற்குப் பிறகுதான். விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் பாடியதல்ல இது! கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து உயிரை மாய்க்கத் துணிந்த சிறைக்காவலன், இரட்சிக்கப்பட வழி என்ன என்று கேட்டு நின்றான். அந்த ராத்திரியே அவர்களுடைய காயங்களைக் கழுவி, வீட்டார் அனைவரோடும் ஞானஸ்நானம் பெற்றான். (அப்போஸ்தலர் 16)

● சங்கீதப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்புவதில்லை; இருளிலேயே முடிகிறது. ஆனாலும் முதல் வரியிலேயே கர்த்தரைத் தன் இரட்சிப்பின் தேவன் என்றுதான் அழைக்கிறது. துதிக்க வாய் வராத நாட்களுக்கு இதைவிட உண்மையான ஜெபம் வேதத்தில் இல்லை என்பேன்.

● காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் இயேசுவும் பாடினார். பஸ்கா விருந்து முடிந்ததும் சீஷர்களோடு துதிப்பாட்டுப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார். (மத்தேயு 26:30)

● உலகெங்கும் பாடப்படும் ஒரு ஜெர்மன் நன்றிப் பாட்டை எழுதியவர் மார்ட்டின் ரிங்கார்ட். முப்பதாண்டுப் போர்க் காலத்தில் ஐலன்பர்க் நகரத்துப் போதகர். அகதிகள் குவிந்த அந்த ஊரை 1637இல் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. மற்றப் போதகர்கள் இறந்தோ வெளியேறியோ போக, இவர் ஒருவரே நின்று சமயங்களில் ஒரே நாளில் 40, 50 பேர்வரை அடக்கம் செய்தார். மொத்தம் 4,000-க்கும் மேல். அதில் அவருடைய மனைவியும் ஒருவர். துன்பமே அறியாதவர் எழுதிய நன்றியல்ல அது.

● அந்தப் பாட்டைத் தன் இசையில் எடுத்தாண்டவர்களில் இசையமைப்பாளர் பாக்கும் ஒருவர். தேவனுக்கே மகிமை என்று பொருள்படும் மூன்று எழுத்துகளை அவர் தன் ஆலய இசைப்படிகள் பலவற்றின் முடிவில் எழுதிவைத்தார்.

● ஜான் பனியன் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் சுமார் 12 ஆண்டுகள் இருந்தவர். 1678இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பயணக் கதையைத் தழுவி நம் தமிழில் எழுந்ததே ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894). பாடியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். 3,000-க்கும் மேற்பட்ட செய்யுள்களில் கம்பன் நடை மணக்கும். கதை ஓட்டத்துக்கு இடையிடையே தேவாரப் பாணியில் உருகும் துதிகளையும் சேர்த்திருக்கிறார். இலக்கிய வகுப்போடு நின்றுவிட வேண்டிய நூல் இல்லை இது. குடும்ப ஜெபத்தில் அந்தத் தேவாரங்களில் ஒன்றையாவது வாய்விட்டுப் பாடிப் பாருங்கள்.