ஒரே லேப்டாப்பில் இரண்டு உபுண்டு: பழையதை இழக்காமல் புதியதைச் சேர்ப்பது எப்படி?



நம்மில் பலருக்கு லினக்ஸ் அறிமுகமானது வீட்டில் அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கி வந்த அரசு மடிக்கணினியில்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினியை ஆன் செய்தால், முதலில் ஒரு பட்டியல் வரும். ஒரு வரி விண்டோஸ், இன்னொரு வரி பாஸ். சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2007 ஜனவரியில் முதல் பதிப்பை வெளியிட்ட அதே பாஸ் லினக்ஸ்தான். "இது எதுக்கு ரெண்டு?" என்று கடையில் கொடுத்து அதை அழித்தவர்கள் நிறைய பேர். ஆனால், ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளம் சண்டை போடாமல் இருக்கலாம் என்பதை நமக்குக் காட்டியது அந்தப் பட்டியல்தான்.

விண்டோஸ் பக்கத்தில் லினக்ஸ் போடுவது எப்படி என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஏற்கெனவே ஒரு லினக்ஸ் இருக்கும் மெஷினில் இரண்டாவது லினக்ஸ் போடுவதைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. "ரெண்டும் லினக்ஸ்தானே, ஈசியா இருக்கும்" என்று நினைத்து இறங்கினேன். மறுநாள் காலை செகண்ட் ரிவ்யூ. இரவு 11 மணிக்கு என் திரையில் 'கிரப்' என்ற ஒரே ஒரு வார்த்தையும், பக்கத்தில் மின்னும் ஒரு கோடும் மட்டும்தான் இருந்தன. ரிப்போர்ட், கோடு, படங்கள் எல்லாம் அந்த லேப்டாப்புக்குள். அந்த இரவு உங்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிக்கும் ஒலியில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

இரண்டாவது லினக்ஸ் ஏன் வேண்டும்?

நம் தண்டலத்தில் நெடுஞ்சாலையில் நின்றால் ஷிஃப்ட் பஸ்கள் வரிசையாகப் போகும். அக்கம்பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம். சுற்றிலும் தொழிற்சாலை என்பதாலோ என்னவோ, மெக்கானிக்கல் முதல் இ.சி.இ. வரை எல்லோருக்கும் ரோபோ பிராஜெக்ட் மீது ஒரு கண். ரோபோ என்றால் ஆர்.ஓ.எஸ். வரும். அங்கேதான் சிக்கல்.

ஆர்.ஓ.எஸ். 2-இன் 'ஹம்பிள்' பதிப்பு 2022 மே மாதம் வந்தது. அதன் தயார் பேக்கேஜ்கள் உபுண்டு 22.04-க்கு. 2024 மே மாதம் வந்த 'ஜாஸி'யின் பேக்கேஜ்கள் உபுண்டு 24.04-க்கு. உங்கள் டீம் ஹம்பிளில் பாதி வேலை முடித்திருக்கும். புதிதாக வாங்கிய சென்சாரின் டிரைவரோ ஜாஸிக்குத்தான் இருக்கும். மொத்த சிஸ்டத்தையும் 24.04-க்கு மேம்படுத்தினால் பழைய வேலை கெடும். இந்த நிலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் நிம்மதி.

சும்மா ஒரு டிஸ்ட்ரோவைப் பார்க்க வேண்டும் என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம், விர்ச்சுவல் மெஷினே போதும். 8 ஜி.பி. ரேமில் சிமுலேஷன் ஓட்ட வேண்டும், யு.எஸ்.பி. கேமராவும் லைடாரும் நேரடியாக வேலை செய்ய வேண்டும் என்றால் மட்டும் தொடருங்கள்.

முதல் படி: என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டெர்மினலில் 'எல்.எஸ்.பி.எல்.கே. ஹைபன் எஃப்' கொடுங்கள். எந்த பார்ட்டிஷனில் என்ன ஃபைல் சிஸ்டம், அதன் யு.யு.ஐ.டி. என்ன என்று வரும். அதை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் கருப்புத் திரையில் மாட்டினால் இந்தப் போட்டோதான் உங்கள் வரைபடம்.

அடுத்து, மெஷின் யு.இ.எஃப்.ஐ. முறையில் பூட் ஆகிறதா என்று பாருங்கள். 'சிஸ்' ஃபோல்டருக்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'இ.எஃப்.ஐ.' என்ற ஃபோல்டர் இருந்தால் யு.இ.எஃப்.ஐ. இல்லையென்றால் பழைய பயாஸ் முறை. முதல் லினக்ஸ் எந்த முறையில் இருக்கிறதோ, அதே முறையில்தான் இரண்டாவதையும் போட வேண்டும். கலந்தால் ஒன்றின் மெனுவில் மற்றொன்று சரியாக வராது. பழைய பயாஸ், எம்.பி.ஆர். வகை வன்தட்டு என்றால் 4 பிரைமரி பார்ட்டிஷன்தான் அனுமதி என்பதையும் மறக்காதீங்க. இனிமேல் சொல்வதெல்லாம் இன்றைய மெஷின்களில் இருக்கும் யு.இ.எஃப்.ஐ. முறைக்கு.

இரண்டாம் படி: பேக்கப்

இதைப் படிக்காமல் தாண்டப் போகிறீர்கள் என்று தெரியும். நானும் தாண்டினேன். ரிப்போர்ட், கோடு, படங்கள் மூன்றையாவது வேறொரு டிஸ்க்கிலோ கிளவுடிலோ போட்டுவிட்டு வாங்க. நாங்கள் காத்திருக்கிறோம்.

மூன்றாம் படி: இடம் ஒதுக்குதல்

லினக்ஸில் பெரும்பாலும் இருப்பது இ.எக்ஸ்.டி. 4 ஃபைல் சிஸ்டம். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. நாம் உட்கார்ந்திருக்கும் கிளையை நாமே வெட்ட முடியாது இல்லையா? அதனால் 24.04-ஐ ஒரு 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து 'டிரை' முறையில் பூட் செய்து, ஜிபார்ட்டெட் மூலம் சுருக்க வேண்டும்.

இரண்டு விஷயத்தில் கவனம். சார்ஜர் செருகியிருக்க வேண்டும், பேட்டரியிலும் சார்ஜ் இருக்க வேண்டும். ஹாஸ்டல் கரண்டை நம்பாதீங்க. அடுத்து, பார்ட்டிஷனின் வலது முனையை மட்டும் இழுங்கள். இடது முனையை, அதாவது தொடக்கத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கும் மொத்த டேட்டாவும் இடம் மாற வேண்டும். நேரம் ஆகும், நடுவில் நின்றால் ஆபத்து.

256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் நான் பிரித்தது: பழையதற்கு 110, புதியதற்கு 60, மீதி முழுவதும் பொது டேட்டா பார்ட்டிஷன். உபுண்டு தளம் 25 ஜி.பி. போதும் என்கிறது. ஆனால் ஆர்.ஓ.எஸ்., சிமுலேட்டர், ஒர்க்ஸ்பேஸ் எல்லாம் சேர்ந்தால் அது பத்தாது.

நான்காம் படி: நிறுவுதல்

நிறுவும்போது 'டிஸ்க் முழுவதையும் அழி' என்ற வரியைத் தொடவே கூடாது. 'மேனுவல்' முறையைத் தேர்ந்தெடுத்து, காலி இடத்தில் ஒரு இ.எக்ஸ்.டி. 4 பார்ட்டிஷன் உருவாக்கி, அதன் மவுன்ட் பாயின்ட்டாக ஒற்றைச் சாய்கோடு, அதாவது ரூட் கொடுங்கள்.

இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாதீங்க. சில நூறு எம்.பி. அளவில் ஃபேட் 32 வகையில் இருக்கும் சின்னப் பகுதி அது. இரண்டு லினக்ஸும் அதைப் பகிர்ந்துகொள்ளும். அதை அழித்தால் பழையது உயிரோடு இருந்தும் வாசல் இல்லாத வீடு ஆகிவிடும்.

பழைய சிஸ்டத்தில் தனி ஸ்வாப் பார்ட்டிஷன் இருந்தால் அதையும் ஃபார்மேட் செய்ய விடாதீங்க. ஃபார்மேட் ஆனால் அதன் யு.யு.ஐ.டி. மாறும். பழைய லினக்ஸ் பழைய எண்ணைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் நிற்கும். ஸ்வாப்பைப் பகிர்ந்தால் இன்னொரு விதி: ஒன்றை ஹைபர்னேட் செய்துவிட்டு மற்றொன்றை பூட் செய்யக்கூடாது.

இரண்டுக்கும் வேறு வேறு கம்ப்யூட்டர் பெயரும் வால்பேப்பரும் வையுங்கள். எதில் இருக்கிறோம் என்ற குழப்பமே பாதி விபத்துக்குக் காரணம்.

ஹோம் ஃபோல்டரைப் பகிரலாமா?

வேண்டாம். ஹோமுக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்கள் நிறைய இருக்கும். புதிய பதிப்பு அவற்றில் தன் அமைப்புகளை எழுதும், பழைய பதிப்புக்கு அது புரியாது. அதற்குப் பதிலாக, மீதி இடத்தில் டேட்டா பார்ட்டிஷன் ஒன்று உருவாக்கி இரண்டிலும் மவுன்ட் செய்யுங்கள். உபுண்டுவில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000 என்ற எண்தான் கிடைக்கும். இரண்டிலும் அதே எண் என்பதால் ஃபைல் அனுமதிப் பிரச்சினை வராது. 'எஃப்ஸ்டேப்' கோப்பில் அந்த வரியோடு 'நோஃபெயில்' என்று சேர்த்துவிட்டால், அந்தப் பகுதிக்கு ஏதாவது ஆனாலும் பூட் நிற்காது.

உண்மையான வில்லன்: கிரப்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இரண்டு லினக்ஸுக்கும் தனித்தனி கிரப் மெனு கோப்பு, அதனதன் பூட் ஃபோல்டரில் இருக்கிறது. ஆனால் ஆன் செய்தவுடன் எந்தக் கோப்பைப் படிப்பது என்று முடிவு செய்வது இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனில் இருக்கும் ஒரு குட்டிக் கோப்பு.

உபுண்டுவும் ஃபெடோராவும் என்றால் அங்கே ஆளுக்கொரு ஃபோல்டர். இரண்டுமே உபுண்டு என்றால் இரண்டும் 'உபுண்டு' என்ற அதே ஃபோல்டரில்தான் எழுதும். கடைசியாக எழுதியவர் ராஜா. 24.04 போட்டவுடன் அது ராஜா. சில வாரம் கழித்து 22.04-இல் கிரப் பேக்கேஜ் அப்டேட் வந்தால் பதவி சத்தமில்லாமல் அதற்குப் போகும். மெனுவின் முதல் வரியில் வெறுமனே 'உபுண்டு' என்று இருப்பதுதான் இப்போதைய ராஜா. மற்றது பதிப்பு எண்ணோடும் பார்ட்டிஷன் பெயரோடும் கீழே வரும்.

மற்றதைத் தேடிக் கண்டுபிடித்து மெனுவில் சேர்ப்பது 'ஓ.எஸ். புரோபர்' என்ற கருவி. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் பாதுகாப்புக் காரணமாக அது தானாக ஓடுவதில்லை. 'இ.டி.சி.' ஃபோல்டருக்குள் 'டிஃபால்ட்', அதற்குள் 'கிரப்' கோப்பைத் திறந்து, 'கிரப் டிஸேபிள் ஓ.எஸ். புரோபர்' என்ற வரிக்கு 'ஃபால்ஸ்' கொடுங்கள் (பெரிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு). முன்னால் # குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு 'சூடோ அப்டேட்-கிரப்'. இதை இரண்டு உபுண்டுவிலும் செய்யுங்கள். அப்போது யார் ராஜா ஆனாலும் மற்றவர் பட்டியலில் இருப்பார்.

இன்னொன்று. ராஜா அல்லாத சிஸ்டத்தில் கெர்னல் அப்டேட் வந்தால் ராஜாவுக்கு அது தெரியாது. அவர் மெனு பழைய கெர்னலையே காட்டும். அந்தப் பழைய கெர்னல் ஒருநாள் நீக்கப்பட்டுவிட்டால் 'கோப்பு இல்லை' என்று வரும். அதனால் ஒன்றில் கெர்னல் மாறினால், ராஜாவில் ஒருமுறை 'சூடோ அப்டேட்-கிரப்' ஓட்டுவதைப் பழக்கமாக்குங்க.

அந்த இரவு நான் செய்த தவறு

இடம் பத்தவில்லை என்று, 22.04-இல் இருந்துகொண்டே 24.04-இன் பார்ட்டிஷனை நீக்கினேன். அப்போது ராஜா 24.04. குட்டிக் கோப்பு இல்லாத ஒரு பார்ட்டிஷனைக் கைகாட்டிக்கொண்டு நின்றது. 22.04-க்கு ஒரு கீறலும் இல்லை, ஆனால் போக வழியில்லை. கீழ்த்தளத்து சீனியர் அண்ணன் வந்து, ஃபார்மேட் செய்யக் கிளம்பிய என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மீட்கும் வழி இதுதான். அந்த கிரப் திரையில் 'எல்.எஸ்.' தட்டினால் பார்ட்டிஷன்கள் '(எச்.டி.0,ஜி.பி.டி.2)' மாதிரி வரும். ஒவ்வொன்றாக 'எல்.எஸ்.' கொடுத்து, எதில் பூட் ஃபோல்டர் இருக்கிறது என்று பாருங்கள். கண்டுபிடித்ததும் 'கான்ஃபிக்ஃபைல்' என்று தட்டி, இடைவெளி விட்டு, அந்தப் பெயர், அதைத் தொடர்ந்து பூட், கிரப், கடைசியில் 'கிரப் டாட் சி.எஃப்.ஜி.' வரை சாய்கோடு போட்டு எழுதி என்டர் தட்டுங்கள். பழைய மெனு அப்படியே வரும். உள்ளே போனவுடன் 'சூடோ கிரப்-இன்ஸ்டால்', பிறகு 'சூடோ அப்டேட்-கிரப்'. எனக்கு உயிர் திரும்பியபோது மணி 12.20.

ஆகவே நீக்கும்போது வரிசை இது:

1. வைத்துக்கொள்ளப் போகும் லினக்ஸில் பூட் செய்து 'சூடோ கிரப்-இன்ஸ்டால்', 'சூடோ அப்டேட்-கிரப்'.
2. ரீஸ்டார்ட் செய்து, மெனுவின் முதல் வரி அதுதானா என்று பாருங்கள்.
3. அதன் பிறகே மற்றதன் பார்ட்டிஷனை நீக்குங்கள்.
4. மறுபடி 'சூடோ அப்டேட்-கிரப்'.

கடைசியாக

மாட்டிக்கொண்டால் ஃபார்மேட் செய்ய ஓடாதீங்க. பூட் ஆகவில்லை என்பது வேறு, டேட்டா போய்விட்டது என்பது வேறு. பெரும்பாலும் முதலாவதுதான் நடந்திருக்கும். கேட்கவும் ஆள் இருக்கிறார்கள்: 1998 முதல் இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, 2012 முதல் தமிழிலேயே எழுதிவரும் கணியம் இதழ் இருக்கிறது. அதற்கும் முன்னால், உங்கள் ஹாஸ்டல் கீழ்த்தளத்தில் ஒரு சீனியர் அண்ணனோ அக்காவோ கட்டாயம் இருப்பார்.

அடுத்த வருடம் அந்த சீனியர் நீங்கள்தான். அதற்காகவாவது அந்த பென்டிரைவை அழிக்காமல் வைத்திருங்கள்.