மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்ற ஆசையா? பைக்குக்கும் வேண்டும் 'பாஸ்போர்ட்'

சென்னை:- "வேலையை விட்டுட்டு பைக்கை எடுத்துக்கிட்டு உலகம் பூரா ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரணும்டா."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இப்படி பேசாத வாலிபர்கள் குறைவு. ஏன் லேட்டு என்று கேட்க ஆள் இல்லை, நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்தபோது கிளம்பலாம் என்கிற சுதந்திர ஆசைதான் இதற்கு காரணம்.

ஆனால் கண்டம் விட்டு கண்டம் போக நினைப்பவர்கள் முதலில் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும், கையில் உள்ள பேப்பரில் ஒன்று குறைந்தால் எல்லையிலேயே வண்டி நின்று விடும். வைத்த பணமும் போய்விடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

6 வாரம் முடங்கிய பயணம்

இங்கிலாந்தை சேர்ந்தவர் எல்ஸ்பெத் பியர்ட். கட்டிடக்கலை படித்த இவர் 1982-ம் ஆண்டு, 23 வயதில், பழைய பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிளில் தனியாக உலகம் சுற்ற கிளம்பினார். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவை முடித்துக் கொண்டு சிங்கப்பூர் வந்தார்.

அங்குதான் வந்தது சோதனை. அவரது உடைமைகளை யாரோ திருடி விட்டனர். பாஸ்போர்ட், பைக் பேப்பர், அடுத்தடுத்த நாடுகளுக்கு வாங்கி வைத்த விசா எல்லாம் அதோடு போய்விட்டது. எல்லாவற்றையும் மறுபடியும் வாங்க 6 வாரம் ஆனது. பைக்கில் எந்தக் கோளாறும் இல்லை. பேப்பர் இல்லாததால் பயணம் அப்படியே நின்றது.

அதன் பிறகு மலேசியா, தாய்லாந்து சென்றார். பர்மா வழியாக தரை மார்க்கமாக வர அனுமதி இல்லை. எனவே பினாங்கு துறைமுகத்துக்கு திரும்பி வந்து, அங்கிருந்து கப்பலில் நம்ம மெட்ராசில் வந்து இறங்கினார். 2 ஆண்டுகளில் சுமார் 56 ஆயிரம் கிலோ மீட்டர் ஓட்டி 1984-ல் லண்டன் போய் சேர்ந்தார்.

கார்னே என்றால் என்ன?

ஆளுக்கு பாஸ்போர்ட் எப்படியோ, வண்டிக்கு 'கார்னே' அப்படி. முழுப்பெயர் 'கார்னே டி பாசாஜ் ஆன் டுவான்'. ஒரு புத்தகம் மாதிரி இருக்கும்.

வெளிநாட்டுக்குள் ஒரு பைக்கை கொண்டு போனால், அதை அங்கேயே விற்று விடுவார்களோ என்று அந்த நாட்டு சுங்கத்துறை சந்தேகப்படும். விற்றால் வரி கட்ட வேண்டும் அல்லவா? "விற்க மாட்டார், திரும்ப கொண்டு போய் விடுவார். போகாவிட்டால் வரியை நாங்கள் கட்டுகிறோம்" என்று பயணிக்காக ஒரு சங்கம் கொடுக்கும் உத்தரவாதம்தான் கார்னே.

புத்தகத்தின் ஒவ்வொரு தாளும் 3 துண்டாக இருக்கும். நாட்டுக்குள் நுழையும்போது ஒரு துண்டை அதிகாரி கிழித்துக் கொள்வார். வெளியேறும்போது இன்னொரு துண்டு. மூன்றாவது துண்டில் 2 முத்திரையும் இருக்க வேண்டும். அதுதான் பயணியின் கையில் இருக்கும் சாட்சி. புத்தகம் ஒரு வருடம்தான் செல்லும்.

இந்தியாவில் மும்பையில் உள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் கார்னே வழங்கி வருகிறது.

டெபாசிட் பணம் உஷார்

சங்கம் சும்மா உத்தரவாதம் கொடுக்காது. டெபாசிட்டாகவோ, வங்கி உத்தரவாதமாகவோ பணம் வைக்க வேண்டும். எவ்வளவு என்பது பைக்கின் விலையையும், போகிற நாடுகளையும் பொறுத்தது. சுங்க வரி அதிகமுள்ள நாடுகளுக்கு, பைக்கின் விலையை விட கூடுதலாகவே வைக்க வேண்டியது வரும்.

இதில்தான் பலர் மாட்டிக் கொள்கிறார்கள். வெளியேறும் முத்திரை ஒன்று விட்டுப் போனால், "வண்டி எங்க நாட்டில்தான் இருக்கிறது, வரியை கட்டு" என்று அந்த நாடு கேட்கலாம். அந்தப் பணம் டெபாசிட்டில்தான் கழியும்.

நடுவழியில் இன்ஜின் சீஸ் ஆகிவிட்டால்கூட, "போனா போகட்டும்" என்று வண்டியை போட்டுவிட்டு விமானம் ஏற முடியாது. விபத்தில் நொறுங்கினாலும், திருடு போனாலும் சுங்கத்துறையில் கணக்கு முடிக்க வேண்டும். கடைசியில் ஊர் திரும்பியதும் இந்திய சுங்கத்துறையின் முத்திரையும் வாங்கினால்தான் டெபாசிட் கைக்கு வரும்.

நகையை அடகு வைத்தோ, வட்டிக்கு வாங்கியோ டெபாசிட் கட்டுபவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். லோனில் எடுத்த பைக் என்றால் பைனான்ஸ் கம்பெனியிடம் தடையில்லா சான்றும் வாங்க வேண்டும்.

ரோடு இல்லாத இடங்கள்

வரைபடத்தில் கோடு போட்டது மாதிரி நேராக ஓட்டிப் போகவும் முடியாது. வாகா எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள அட்டாரி சோதனைச்சாவடி, 2025 ஏப்ரலில் நடந்த பகல்காம் தாக்குதலை தொடர்ந்து மூடப்பட்டது. மியான்மரில் 2021-ல் ராணுவம் ஆட்சியை பிடித்த பிறகு அந்த வழியும் சிக்கலாகி விட்டது. சீனாவில் நமது சர்வதேச லைசென்சு செல்லாது. அந்த நாட்டு தற்காலிக நம்பர் பிளேட்டும், கூடவே வழிகாட்டியும் வேண்டும்.

அமெரிக்க கண்டத்தில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே சுமார் 100 கிலோ மீட்டருக்கு ரோடே கிடையாது. காடும் சதுப்பு நிலமும்தான். பைக்கை கப்பலிலோ விமானத்திலோதான் தாண்ட வைக்க வேண்டும்.

அப்படி அனுப்பும்போது பைக்கை மரப்பெட்டியில் கட்டி, பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பை கழற்ற வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு என்றால் டயரில் ஒட்டிய மண்ணைக்கூட கழுவ வேண்டும். மண்ணோடு பூச்சியும் விதையும் வந்துவிடும் என்று அங்கே கறாராக சோதிக்கிறார்கள்.

முதலில் நேபாளம்

இதெல்லாம் கேட்டு ஆசையை விட்டுவிட வேண்டியது இல்லை. இந்திய பைக்கில் நேபாளம் போக கார்னே தேவை இல்லை. எல்லையில் 'பன்சார்' எனப்படும் சுங்க ரசீதை, இருக்கப் போகும் நாள் கணக்குக்கு போட்டுக் கொண்டு உள்ளே போகலாம். இந்தியர்களுக்கு விசாவும் கிடையாது. எல்லையில் பேப்பர் வேலை எப்படி நடக்கிறது என்று குறைந்த செலவில் பழகிக் கொள்ள இது நல்ல வழி.

ஐரோப்பாவில் சுற்றுலா பயணிகளின் பைக்குக்கு கார்னே கேட்பதில்லை. ஆனால் அங்கு செல்லும் இன்சூரன்சு கண்டிப்பாக வேண்டும். நம்ம ஊர் இன்சூரன்சு அங்கே உதவாது. சர்வதேச லைசென்சை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். அதுவும் ஒரு வருடம்தான் செல்லும்.

எல்லா பேப்பரையும் 2 செட் ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை பைக்கிலும் மற்றொன்றை வீட்டிலும் வைப்பது நல்லது. ஒவ்வொரு எல்லையிலும் வண்டியை ஸ்டார்ட் பண்ணும் முன், முத்திரை விழுந்திருக்கிறதா, தேதி சரியா, பைக் நம்பர் சரியா என்று அந்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். 500 கிலோ மீட்டர் தாண்டிய பிறகு பார்த்தால், அந்த ஒரு முத்திரைக்காக அவ்வளவு தூரமும் திரும்பி வர வேண்டியதுதான்.