எறும்பு வாடை அடித்த ஒயின்!
மேலிடம் தடை போட்டது. திருட்டுத்தனமாகத் தயாரித்தார் முன்னாள் எடுபிடிப் பையன்

சிட்னி நகரம். 1956-ம் ஆண்டு முடியப்போகும் நேரம்.

பென்போல்ட்ஸ் ஒயின் கம்பெனியின் தலைமை அலுவலகம் ஒரு ருசி பார்க்கும் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்து இருந்தது. கம்பெனியின் டைரக்டர்களும் அவர்களின் நண்பர்களும் வந்திருந்தனர். ஒயின் பற்றி வாயைத் திறந்தால் ஊரே காது கொடுக்கும் பிரமுகர்களும் வந்திருந்தனர். 1951 முதல் 1956 வரை ஆறு ஆண்டு திராட்சையில் செய்த புதிய ஒயின், கோப்பைகளில் கருஞ்சிவப்பாகக் காத்திருந்தது. அதற்கு "கிரேஞ்ச்" என்று பெயர்.

முகர்ந்தார்கள். வாயில் ஊற்றினார்கள். முகத்தைச் சுளித்தார்கள்!

அடிலெய்டு நகரில் நடந்த கூட்டங்களிலும் இதே கதைதான். காட்டுப்பழங்களைக் கலக்கி, அதில் எறும்பை நசுக்கிப் போட்டதுபோல் இருக்கிறது என்றார் ஒருவர். இன்னொருவர் கைகொடுத்துப் பாராட்டுவதுபோல் பாராட்டிவிட்டு, புத்தி உள்ளவன் எவனும் இதை வாங்கமாட்டான், குடிப்பது அப்புறம் அல்லவா என்றார்.

அந்த ஒயினைத் தயாரித்தவர் பெயர் மாக்ஸ் ஷூபர்ட்.

எடுபிடி வேலை

ஷூபர்ட் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. 1915-ம் ஆண்டு தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1931-ம் ஆண்டு, நூரியூட்பா என்ற சிற்றூரில் இருந்த பென்போல்ட்ஸ் தொழிற்சாலையில் எடுபிடிப் பையனாக வேலைக்குச் சேர்ந்தார். அப்போது வயது 16. கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, சொன்ன வேலையைச் செய்வது. அங்கிருந்து படிப்படியாக ஏறினார். நடுவில் யுத்தத்துக்கும் போய் வந்தார். 1948-ம் ஆண்டு, கம்பெனியின் தலைமை ஒயின் தயாரிப்பாளர் ஆனார்.

பென்போல்ட்ஸ் சாதாரணக் கம்பெனி அல்ல. 1844-ல் ஒரு டாக்டரும் அவர் மனைவியும் அடிலெய்டு பக்கத்தில் உள்ள மகில் என்ற இடத்தில் தொடங்கியது. அவர்கள் குடியிருந்த வீட்டின் பெயர்தான் கிரேஞ்ச். அந்தப் பெயரையே தன் புதிய ஒயினுக்கு ஷூபர்ட் வைத்தார்.

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியர்கள் விரும்பிக் குடித்தது ஷெர்ரி, போர்ட் போன்ற இனிப்பான, சாராயம் சேர்த்துக் காரம் ஏற்றிய வகைகளைத்தான். ஷெர்ரி செய்யும் முறையை நன்றாகப் படித்து வரும்படி கம்பெனி ஷூபர்ட்டை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. போன இடத்தில் பிரான்சு நாட்டின் போர்டோ பகுதிக்கும் போனார். அங்கே அவருக்கு 40, 50 ஆண்டு பழைய ஒயினை ஊற்றிக் கொடுத்தார்கள். அத்தனை வயதாகியும் அதன் மணம் போகவில்லை!

இதை நம் ஊரிலும் செய்தால் என்ன என்ற எண்ணத்தோடு ஷூபர்ட் திரும்பினார். போர்டோவில் பயன்படும் திராட்சை வகை ஆஸ்திரேலியாவில் அதிகம் கிடைக்கவில்லை. அதனால், தாராளமாக விளைந்த ஷிராஸ் திராட்சையை எடுத்தார். அமெரிக்க ஓக் மரத்தில் செய்த 5 புதிய பீப்பாய்களில் அடைத்தார். 1951-ம் ஆண்டு முதல் கிரேஞ்ச் பிறந்தது.

விழுங்கக்கூடாது

ஒயினை ருசி பார்ப்பது தனி வித்தை. முதலில் கோப்பையை வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறம் பார்க்கவேண்டும். பிறகு கோப்பையைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு முகரவேண்டும். அப்புறம் ஒரு மடக்கு. அதை நாக்கு, ஈறு, கன்னம் எல்லாம் படும்படி புரட்டிவிட்டு, துப்பிவிடவேண்டும்! ஒரே நாளில் பல வகைகளைப் பார்க்கிறவர் விழுங்க ஆரம்பித்தால் பத்தாவது கோப்பையில் எல்லாமே அமிர்தமாகத் தெரியும். குடிகாரனுக்கு இந்த உத்தியோகம் கிடைக்காது.

அப்படியானால் சிட்னி பிரமுகர்கள் ஏமாந்தது எப்படி? நாக்கு சரிதான், வேளைதான் சரியில்லை. திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் துவர்ப்பு உண்டு. புது மரப் பீப்பாயும் துவர்ப்பைக் கொடுக்கும். நெடுநாள் இருப்பதற்காகச் செய்த ஒயினில் தொடக்கத்தில் இந்தத் துவர்ப்பே முன்னால் நிற்கும். பாட்டிலுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்தால்தான் அது அடங்கி மணம் வெளிவரும். மாவடு போட்ட அன்றே ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "வெறும் உப்பு" என்று ஜாடியைக் கவிழ்த்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

அதிகாரிகளையும் முழுக்கக் குறை சொல்வதற்கு இல்லை. பாட்டில் பாட்டிலாகச் சரக்கு முடங்கிக் கிடக்கிறது. காசு திரும்பவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரியத்தானே செய்யும்? 1957-ம் ஆண்டு திராட்சை அறுவடைக்கு முன்பு எழுத்துமூலம் உத்தரவு வந்தது. கிரேஞ்ச் தயாரிப்பதை உடனே நிறுத்தவும்!

ஷூபர்ட் நிறுத்தவில்லை.

சிட்னியில் இருந்து மகில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். அந்தத் தூரம் அவருக்குக் கைகொடுத்தது. உள்ளூரில் பொறுப்பில் இருந்த ஜெப்ரி பென்போல்ட் ஹைலண்ட், கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரும் துணை நின்றார். 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளும் ரகசியமாக கிரேஞ்ச் தயாரானது. மகிலின் நிலவறைகளில் பாட்டில்கள் ஒளிந்து கிடந்தன. புதுப் பீப்பாய் வாங்கத்தான் வழி இல்லை. கணக்கில் எழுத முடியாதே! அந்தக் குறை மூன்று ஆண்டுச் சரக்கிலும் தெரிந்தது என்று ஷூபர்ட்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இதற்குள் பழைய பாட்டில்களுக்கு வயது கூடியது. எறும்பு வாடை போயே போய்விட்டது! மறுபடியும் ருசி பார்த்த மேலிடம், 1960-ம் ஆண்டு அறுவடைக்கு முன்பு தானாகவே உத்தரவைத் திருப்பி எழுதியது. தயாரிப்பைத் தொடங்கவும்!

1962-ல் சிட்னி ஒயின் போட்டியில் 1955-ம் ஆண்டு கிரேஞ்ச் தங்கப்பதக்கம் வாங்கியது. அந்த ஓர் ஆண்டின் ஒயினுக்கு மட்டும் பிற்பாடு 50 தங்கப்பதக்கங்களுக்கு மேல் கிடைத்தன. 1990-ம் ஆண்டு கிரேஞ்சை, உலகிலேயே அந்த ஆண்டின் சிறந்த ஒயின் என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 1995-ல் தேர்ந்தெடுத்தது. அதைப் பார்க்க ஷூபர்ட் இல்லை. முந்திய ஆண்டுதான் காலமாகி இருந்தார்.

இன்று புதிய கிரேஞ்ச் வெளிவருகிறது என்றால் உலகின் பல நாடுகளில் இருந்து ருசி பார்ப்பவர்கள் மார்க் போடுகிறார்கள். 2008-ம் ஆண்டு சரக்குக்கு 100-க்கு 100 கொடுத்தவர்கள் உண்டு. கம்பெனியும் பாடம் படித்துவிட்டது. அறுவடை முடிந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே விடுகிறார்கள். புதிய பாட்டில் ஒன்றின் விலை சுமார் 1,000 ஆஸ்திரேலிய டாலர். ஷூபர்ட் விற்காமல் இனாமாகக் கொடுத்த 1951-ம் ஆண்டு பாட்டில், ஏலத்தில் 1 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது.

முதல்-மந்திரி பதவி போனது

கிரேஞ்ச் ஒரு பதவியையும் காவு வாங்கியது. சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதல்-மந்திரியாக இருந்தவர் பாரி ஓ பாரல். அவர் பதவிக்கு வந்த 2011-ம் ஆண்டு, தொழில் அதிபர் ஒருவர் சுமார் 3,000 டாலர் மதிப்புள்ள ஒரு பாட்டில் கிரேஞ்சை அன்பளிப்பாக அனுப்பினார். ஊழல் விசாரணைக் கமிஷன் 2014-ல் இதுபற்றிக் கேட்டபோது, அப்படி ஒரு பாட்டில் வரவே இல்லை என்றார் முதல்-மந்திரி. ஆனால் நன்றி தெரிவித்து அவர் கைப்பட எழுதிய சீட்டு வெளியே வந்தது! வேண்டும் என்று அவர் மறைக்கவில்லை என்று கமிஷனே பின்னர் கூறியது. என்றாலும், சீட்டு கிடைத்ததும் ஏப்ரல் 16-ந்தேதி அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

அவர் பிறந்த ஆண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பிய பாட்டில் அது. ஆண்டு 1959. ஷூபர்ட் மேலிடத்துக்குத் தெரியாமல் நிலவறையில் ஒளித்து வைத்த சரக்கு!