விதை வெங்காயத்துக்குச் சக்கரப் பெட்டி: வீட்டிலேயே செய்யலாம்

சின்ன வெங்காயத்தை அறுவடை செய்வதைவிட, அடுத்த நடவு வரை அழுகாமல் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. எக்டேருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ, அதாவது ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம் தேவை. சேமித்த விதை அழுகிவிட்டால், நடவு நேரத்தில் சந்தை சொல்லும் விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். லாபம் அங்கேயே பாதி கரைந்துவிடும்.

மொத்த விளைச்சலைத் தோட்டத்துப் பட்டறையில் வைப்பது பழக்கத்தில் உள்ள நல்ல முறை. ஆனால் 10, 15 சென்ட் நிலத்தில் நடுபவருக்குப் பட்டறை போடும் அளவுக்குச் சரக்கு இராது. சாக்கில் கட்டித் தாழ்வாரத்தில் அடுக்குகிறார்கள். அடியில் உள்ள சாக்கு வியர்த்து அழுகுகிறது. இத்தகையவர்களுக்கு ஏற்றது, நாற்புறமும் காற்றோடும் மரப்பெட்டி. சக்கரம் பொருத்திவிட்டால் சாரல் அடிக்கும்போது உள்ளே தள்ளலாம். வெயில் வந்ததும் நிழலில், காற்று முகத்தில் நிறுத்தலாம். ஒருவரே தள்ளிவிடலாம்.

பெட்டியின் அளவு

உள்ளளவு 90 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம். வெங்காயத்தை 50 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் 100 கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். 16, 17 சென்ட் நடவுக்கு இது போதும்.

அகலம் 50 செ.மீ. என்பதில் ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் நட்டநடுவில் உள்ள வெங்காயமும் பக்கவாட்டுக் காற்றிலிருந்து 25 செ.மீ. தொலைவுக்குள் இருக்கும். வெங்காயம் உயிருள்ள பொருள். மூச்சு விடுகிறது, வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியிடுகிறது. அது வெளியேற வழியில்லாத இடத்தில்தான் முளைப்பும் அழுகலும் தொடங்கும். எனவே கூடுதலாகப் பிடிக்கட்டும் என்று அகலத்தைக் கூட்டாதீர்கள். தேவையானால் இன்னொரு பெட்டி செய்யுங்கள்.

தேவையான மரம்

1. கால்: 5 x 5 செ.மீ. கனம், 70 செ.மீ. நீளம் - 4
2. அடிச்சட்டம்: 7.5 x 5 செ.மீ. கனம், 80 செ.மீ. நீளம் - 3, 54 செ.மீ. நீளம் - 2
3. ரீப்பர்: 5 x 2 செ.மீ. கனத்தில் 90 செ.மீ. நீளம் - 18, 64 செ.மீ. நீளம் - 30, 54 செ.மீ. நீளம் - 2
4. சக்கரப் பலகை: 15 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம், 64 செ.மீ. நீளம் - 2

ரீப்பர் மொத்தம் 37 மீட்டர் ஆகும். சேதாரம் சேர்த்து 40 மீட்டர் வாங்குங்கள். வேம்பு, வாகை, மா என உங்கள் ஊரில் கிடைக்கும் மரமே போதும். நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது சுருங்கி, திருகாணிகள் தளர்ந்துவிடும். மருந்து டப்பாக்கள், உரம் வந்த பெட்டிகளின் பலகைகளைப் பயன்படுத்தக் கூடாது.

சக்கரம் தேர்வு

வெங்காயமும் மரமும் சேர்த்து ஏறத்தாழ 150 கிலோ. நான்கு சக்கரம் இருக்கிறதே என்று நான்கால் வகுக்காதீர்கள். மேடு பள்ளமான தரையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்; பாரம் மூன்றின் மேல் விழும். எனவே ஒவ்வொரு சக்கரமும் 50 கிலோவுக்குக் குறையாமல் தாங்க வேண்டும். 60 கிலோ தாங்குவதாக வாங்குவது நல்லது. சிமெண்டுத் தரைக்கு 10 செ.மீ. விட்டம் போதும். மண் வாசலுக்கு 12 முதல் 15 செ.மீ. வேண்டும். இரண்டு திரும்பும் சக்கரம், இரண்டு திரும்பாத சக்கரம் வாங்குங்கள்.

செய்யும் முறை

முதலில் அடிப்பாகம். நான்கு கால்களையும் மூலையில் நிறுத்தி, அவற்றிற்கு இடையே 80 செ.மீ. சட்டங்கள் இரண்டை நீளவாக்கிலும், 54 செ.மீ. சட்டங்கள் இரண்டை அகலவாக்கிலும் வையுங்கள். சட்டத்தின் அடியும் காலின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். எல் வடிவ இரும்புப் பட்டை வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். மூன்றாவது 80 செ.மீ. சட்டத்தை நடுவில் பொருத்துங்கள். பிறகு மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் பெட்டி கோணாமல் நிற்கும்.

அடுத்து சக்கரப் பலகை. சக்கரங்களைப் பலகையின் இரு ஓரங்களில் நட்டு, போல்ட்டு, வாஷர் போட்டுப் பொருத்துங்கள். போல்ட்டுத் தலை துருத்தாதபடி குழித்து இறக்க வேண்டும். பிறகு பலகைகளை இரு முனைகளிலும் கால்களுக்கு அடியில் வரும்படி முடுக்குங்கள். திரும்பும் சக்கரங்கள் இரண்டும் தள்ளும் பக்கத்தில் இருக்கட்டும்.

மூன்றாவது, தளம். 64 செ.மீ. ரீப்பர்களில் 12-ஐ 1.5 செ.மீ. இடைவெளி விட்டு, அகலவாக்கில் சட்டங்களின் மேல் அடியுங்கள். இரு முனைகளிலும் கால்களுக்கு இடையே 54 செ.மீ. துண்டுகள் வரும்.

கடைசியாகச் சுவர். 90 செ.மீ. ரீப்பர்களைப் பக்கத்துக்கு 9 வீதம் கால்களின் உட்புறத்தில் அடியுங்கள். வெளிப்புறத்தில் அடித்தால் வெங்காயத்தின் பாரம் நாளடைவில் ஆணியைப் பிடுங்கிவிடும். உட்புறத்தில் அடித்தால் பாரத்தைக் கால் தாங்கிக்கொள்ளும். முதல் ரீப்பர் காலின் அடியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் தொடங்கட்டும். இடைவெளி இங்கும் 1.5 செ.மீ.தான், கூடினால் சிறு காய்கள் நழுவும்.

குறுகிய பக்கங்களுக்கு 64 செ.மீ. ரீப்பர்கள் 9 வீதம், வெளிப்புறமாக. இங்கு ஆணி வேண்டாம், திருகாணியே போடுங்கள். ஒரு பக்கத்தின் கீழ் ரீப்பரைக் கழற்றினால் அடியில் உள்ள வெங்காயம் சரிந்து கூடையில் விழும். பழைய சரக்கை முதலில் எடுக்க இதுவே வழி. தள்ளும் பக்கத்தின் மேலே ஒரு கைப்பிடிக் கட்டை பொருத்துங்கள். நிறுத்திய இடத்தில் சக்கரத்துக்கு ஆப்பு வைக்க மறவாதீர்கள்.

முனைகளையும் சிலாம்புகளையும் உப்புத்தாள் கொண்டு தேயுங்கள். கீறல் விழுந்த வெங்காயத்தில்தான் பூசணம் முதலில் புகும். உட்புறத்தில் கழிவு எண்ணெயோ வாடை வீசும் வர்ணமோ பூச வேண்டாம்.

பெட்டியில் வைக்கும் முன்

பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஈர வெங்காயத்தை அது காப்பாற்றாது. அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்துங்கள். தாள் பழுத்துச் சாய்ந்தபின் பிடுங்கி, கழுத்து நன்றாக வாடும் வரை நிழலில் உலர்த்துங்கள். தாளை 2 செ.மீ. விட்டு நறுக்குங்கள், ஒட்ட நறுக்கினால் வெட்டுவாய் வழியாக அழுகல் இறங்கும். கழுத்து தடித்தவை, அடிபட்டவை, முளைவிட்டவை ஆகியவற்றைப் பொறுக்கி முதலில் வீட்டுச் செலவுக்கோ விற்பனைக்கோ எடுத்துவிடுங்கள்.

மேலே 10 செ.மீ. வெற்றிடம் இருக்கட்டும். தார்ப்பாயால் இறுக மூடாதீர்கள். மழை வந்தால் பெட்டியைத்தான் நகர்த்த வேண்டும். உருளைக்கிழங்கு மூட்டைகளைப் பக்கத்தில் வைக்காதீர்கள்; அவற்றின் ஈரம் வெங்காயத்துக்கு ஆகாது. வாரம் ஒரு முறை பெட்டியை நகர்த்தி அடியில் பெருக்குங்கள். அப்போது முகர்ந்தும் பாருங்கள். அழுகல் வாடை அடித்தால் அன்றே கொட்டிப் பொறுக்குங்கள். ஒரு வெங்காயத்தின் அழுகல் பக்கத்தில் உள்ளவற்றுக்கும் பரவும்.

விவசாயப் பெருமக்களே, ஆசாரி துணையிருந்தால் ஓரிரு நாளில் முடிகிற வேலை இது. கோடை ஓய்வில் ஒரு பெட்டி செய்து, இந்த ஆண்டு விதையில் 100 கிலோவை அதில் வைத்துப் பாருங்கள். வைக்கும்போதும் எடுக்கும்போதும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சாக்கில் வைத்ததோடு ஒப்பிட்டால், அடுத்த பெட்டி தேவையா என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.