6 பேர் நித்திரை கொள்ளும் வண்டியில் 30 வருச ஹோஸ்



போன வாரப் பகுதியில் 'திருத்தும் உரிமை' பற்றிக் கதைத்தோம். நாங்கள் காசு குடுத்து வாங்கின சாமானைத் திருத்துறதுக்காக அதின்ர டிஜிட்டல் பூட்டைத் திறக்கலாம் என்று 2024 நவம்பரில் கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் மாறினது தெரியும்தானே. அதைக் கேட்டுவிட்டு ஒரு தங்கச்சி எழுதியிருந்தா: "அண்ணா, சட்டமெல்லாம் சரி. நீங்கள் கடைசியாக உங்கட கையால எதைத் திருத்தினீங்கள்?"

ஃபோனும் இல்லை, லப்டொப்பும் இல்லை. 1993ஆம் ஆண்டு மோட்டர்ஹோம் ஒன்றின் பெற்றோல் ஹோஸ்கள். பூட்டும் இல்லை, சொஃப்ட்வெயாரும் இல்லை. ஆனாலும் இதுவரை நான் செய்த திருத்தங்களில் இதுக்குத்தான் ஆகப் பயந்தேன்.

வண்டி என்ர மாமாவுடையது. இரண்டு குடும்பமும் சேர்ந்து கோடையில் அல்கொன்குவின் பக்கம் போவோம். 6 பேர் படுக்கலாம். இந்த வசந்தத்தில் தாங்கியை நிறைய நிரப்பின அண்டைக்கு, பின்பக்கம் பெற்றோல் மணத்தது. ஓடேக்க மணம் இல்லை. நிப்பாட்டி வைச்சால்தான் மணம்.

இது காரை விட ஏன் மோசம்?

மோட்டர்ஹோமின் அடியில் என்ன இருக்கு என்று ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. 200 லீற்றருக்கு மேல் பிடிக்கும் பெற்றோல் தாங்கி. அதே தாங்கியில் இருந்து பெற்றோல் எடுக்கும் ஜெனரேற்றர். பக்கத்தில் புரொப்பேன் சிலிண்டர். மேலே, புரொப்பேனை எரித்துக் குளிராக்கும் ஃபிரிட்ஜ். ஓம், அந்த ஃபிரிட்ஜுக்குள் ஒரு சின்ன நெருப்பு எரிஞ்சுகொண்டு இருக்கும். இதுக்கெல்லாம் மேலதான் கட்டில்.

பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது. மேலே போய்க் கலைஞ்சு போகாது, கீழே தேங்கி நிற்கும். பெற்றோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ −40 பாகை. அதாவது எங்கட பனிக்காலம்கூட அதைத் தடுக்காது. காரில் மணந்தால் கதவைத் திறந்து இறங்கலாம். இதில் பின்னால் படுத்திருக்கும் பிள்ளையளை எழுப்பி, ஒரே ஒரு வாசலால் இறக்க வேணும்.

மணம் எப்ப வருது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தாங்கியை நிரப்பின உடன மட்டும் மணந்தால், தாங்கியின் மேல்பக்க ஹோஸ்கள், நிரப்பும் குழாய், காற்றுப் போகும் குழாய் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கோ. எஞ்சின் ஓடேக்க மணந்தால், பம்பில் இருந்து எஞ்சினுக்குப் போகும் அழுத்தக் குழாய். ஜெனரேற்றர் பக்கம் மட்டும் மணந்தால், அதுக்குப் போகும் மெல்லிய ஹோஸ். அந்த ஹோஸைத்தான் எல்லாரும் மறக்கிறது.

எங்களுக்கு முதலாவது வகை. ஆனால் அடியில் படுத்து ரோர்ச் அடிச்சுப் பார்த்தபோது, ஒன்று இல்லை, எல்லாமே கிழடு. ஜெனரேற்றர் ஹோஸை மெல்ல வளைச்சேன், தோல் முழுக்க வெடிப்பு. தாங்கியின் மேலே இருந்த துண்டு கல்லு மாதிரி இறுகிப்போய் இருந்தது.

வயசு ஒரு காரணம். மற்றது எதனோல். ஒன்ராறியோவில் பெற்றோலில் சராசரியாக 5 வீதம் எதனோல் வேணும் என்ற விதி 2007இல் வந்தது. 2020இல் அது 10 வீதமானது. எதனோல் தண்ணியை இழுக்கும். பழைய வகை றப்பரை உள்ளுக்கு இருந்து மெல்ல மெல்லக் கெடுக்கும். வெளியில் பார்க்க நல்ல ஹோஸ் மாதிரி இருக்கும், உள்ளுக்கு உரிஞ்சு ஃபில்டரை அடைக்கும்.

ஹோஸிலேயே எழுதியிருக்கு

கோட் எழுதுறவர்களுக்கு இது பிடிக்கும்: ஹோஸுக்கும் வேர்ஷன் நம்பர் உண்டு. அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கமான எஸ்ஏஇ வைத்த குறியீடு ஹோஸின் தோலிலேயே அச்சிட்டிருக்கும்.

30ஆர்7 என்றால் கார்புரேட்டர் காலத்து ஹோஸ். எங்கட வண்டிக்கு வேண்டிய அளவில் அதின்ர எல்லை 50 பிஎஸ்ஐ. 30ஆர்9 என்றால் ஃபியூல் இன்ஜெக்ஷனுக்கு உரியது. உள்ளே எஃப்கேஎம் என்ற செயற்கை றப்பர் பூசியிருக்கும், எதனோலைத் தாங்கும், எல்லை 100 பிஎஸ்ஐ. தாங்கிக்குள்ளே, பெற்றோலில் மூழ்கியபடி இருக்கும் ஹோஸுக்கு 30ஆர்10 வேணும். 30ஆர்9 ஐ அதுக்குள்ளே போடக்கூடாது, அதின்ர வெளித்தோல் பெற்றோலில் ஊறுறதுக்குச் செய்ததில்லை.

எங்கட வண்டியின் அழுத்தக் குழாயில், முந்தைய சொந்தக்காரர் யாரோ ஒட்டுப் போட்டிருந்தார். துடைச்சு வாசிச்சேன்: 30ஆர்7. பம்ப் குடுக்கிறது 40 பிஎஸ்ஐக்குக் கிட்ட. புது ஹோஸ் என்றாலே அது அந்த இடத்துக்கு உரியதில்லை. அதில் அச்சிட்டிருந்த திகதி 2004.

மாமாவின் வாதம்

மாமா யாழ்ப்பாணத்தில் கராஜ் வேலை பழகினவர். 90களில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத காலம். ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினவர்கள். கார்புரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய். இதை உங்கட அப்பாமாரிட்டையும் கேட்டுப் பாருங்கோ, ஆளுக்கொரு கதை வரும்.

"தம்பி, நாங்கள் கிடைச்ச ரியூப்பைப் போட்டு, கம்பியாலை கட்டி ஓடினனாங்கள். ஒண்டும் நடக்கேல்லை. இதுக்கு ஏன் அடிக்கு 12 டொலர்?"

இந்த இடத்தில் எங்கட தலைமுறை செய்யிற வேலை இரண்டு. ஒன்று, "உங்களுக்கு விளங்காது" என்று முகத்தைத் திருப்புறது. மற்றது, "சரி மாமா" என்று சொல்லிப்போட்டு ஒளிச்சு வேற ஒன்றை வாங்குறது. நான் இரண்டையும் செய்ய விரும்பேல்லை. அவர் சொன்னது பொய் இல்லை. அப்ப, ஏன் அங்கே ஒண்டும் நடக்கேல்லை?

தேடிப் பார்த்தபோது இரண்டு காரணம் கிடைச்சது. அந்தக் கார்புரேட்டர்களுக்கு 5 பிஎஸ்ஐ அளவு அழுத்தமே போதும். அந்த அழுத்தத்தில் ஒழுகினால் சொட்டும், 40இல் ஒழுகினால் சீறும். இரண்டாவது காரணம்தான் பெரிசு. மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விட, குறைந்தது 38 பாகை வரை சூடாக வேணும். பெற்றோலோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 80 பாகை வித்தியாசம்.

"மாமா, உங்கட கட்டு நல்ல கட்டுத்தான். ஆனா அண்டைக்கு ஒழுகினது மண்ணெண்ணெய்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப உந்த ஆர்9ஐயே வாங்கு. கிளிப்பையும் நல்லதாய்ப் பார்த்து வாங்கு" என்றார்.

வேலை செய்த ஒழுங்கு

1. வண்டி வெளியில், சமதரையில். சில்லுகளுக்குக் கட்டை. ஏறத்தாழ 5 தொன் வண்டி, ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது, ஸ்ராண்ட் கட்டாயம்.

2. தாங்கியை முதலே ஓடிக் குறைச்சுக்கொள்ளுங்கோ. 100 லீற்றர் பெற்றோல் 70 கிலோவுக்கு மேல். ஜெனரேற்றரை ஓடவிட்டு வெறுமையாக்கலாம் என்று நினைக்காதீங்கோ. நீங்கள் காட்டில் மாட்டுப்படக்கூடாது என்று, தாங்கி கால்வாசிக்கு வந்ததும் ஜெனரேற்றருக்குப் பெற்றோல் கிடைக்காதபடிதான் அதின்ர குழாயை வைச்சிருப்பினம்.

3. அழுத்தத்தை இறக்குங்கோ. விபத்தில் பம்பை நிப்பாட்டும் சுவிட்ச் ஒன்று எங்கட வண்டியில் பக்கத்து சீற்றின் காலடியில் இருக்கு. அதைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாய் நிற்கும் வரை ஓடவிட்டோம்.

4. பிறகு புரொப்பேனைச் சிலிண்டரிலேயே பூட்டி, இரண்டு பற்றரியையும் கழற்றி, சோலாரையும் வெளி மின்சாரத்தையும் துண்டிச்சோம். பெற்றோல் நெருப்புக்கு உரிய அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். வெளிச்சத்துக்கு எல்ஈடி மட்டும், சூடாகும் பல்ப் வேண்டாம்.

5. ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ். கழற்ற முதல் ஃபோட்டோ. பழைய ஹோஸின் உள்விட்டத்தை அளந்து அதே அளவு. எங்கட வண்டியில் எஞ்சினுக்குப் போறது 3/8 அங்குலம், திரும்பி வாறது 5/16, ஜெனரேற்றருக்கு 1/4.

6. கிளிப். பட்டியில் வெட்டு வெட்டாக இருக்கும் சாதாரண கிளிப் ஹோஸைக் கடிக்கும். விளிம்பு மடிச்ச, இன்ஜெக்ஷனுக்கு உரிய கிளிப் வாங்குங்கோ. ஹோஸ் ஏறும் இரும்புக் குழாயின் நுனியில் சின்ன மேடு இருக்க வேணும். வழவழப்பான குழாயில் 40 பிஎஸ்ஐ வந்தால் ஹோஸ் கழண்டு பறக்கும்.

7. ஃபில்டரையும் மாற்றுங்கோ. பழைய ஹோஸ் உரிஞ்ச தூள் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும்.

ஹோஸை வெட்டினது மாமா. கத்திரிக்கோலைத் தொட விடேல்லை. சரிஞ்சு வெட்டினால் ஒரு பக்கம் குறைவாய்ப் பிடிக்கும் என்று, கூரான பிளேட்டால் ஒரே இழுவையில் நேராய் வெட்டினார். எந்த வீடியோவும் எனக்கு அந்தக் கையைத் தரேல்லை.

முடிஞ்சுது என்று எப்படித் தெரியும்?

பற்றரியையும் சுவிட்சையும் திரும்பக் கொழுவி, எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் பம்ப் இரண்டு செக்கன் ஓடி நிற்கும். அதை நாலைஞ்சு தரம் செய்து, ஒவ்வொரு மூட்டையும் வெள்ளை ரிஷுவால் துடைச்சுப் பார்த்தோம். காய்ஞ்சிருந்தது. பிறகு எஞ்சின், பிறகு ஜெனரேற்றர். அடுத்த நாள் காலமை, தாங்கியை நிரப்பி, திரும்பவும் அதே ரிஷு. அதுக்குப் பிறகுதான் புரொப்பேனைத் திறந்தோம். வடிச்ச பெற்றோலை நகரசபையின் ஆபத்தான கழிவு எடுக்கும் இடத்தில் குடுத்தோம். சாமான் எல்லாம் சேர்த்து 300 டொலர் அளவில் முடிஞ்சது.

எல்லாரும் இதைச் செய்ய வேணும் என்று நான் சொல்லேல்லை. தாங்கியை இறக்க வேண்டி வந்தால், அல்லது ரோட்டு உப்பு தின்ற இரும்புக் குழாயையே மாற்ற வேண்டி வந்தால், நல்ல கராஜுக்குக் கொண்டுபோங்கோ. நீளமான இரும்புக் குழாய்க்குப் பதிலாக முழுக்க றப்பர் ஹோஸை ஓடவிடுவோம் என்று யாராவது சொன்னால், வேற கராஜ் பாருங்கோ. உங்களிட்ட நான் கேட்கிறது ஒன்றே ஒன்று: உங்கட வீட்டில் பழைய மோட்டர்ஹோம், படகு, புல்லு வெட்டும் மெஷின் எது இருந்தாலும், இந்தக் கிழமை ஒரு ரோர்ச்சோடு குனிஞ்சு, ஹோஸில் இருக்கும் எழுத்தையும் திகதியையும் வாசியுங்கோ. அதுக்கு 10 நிமிசம் போதும்.

வாசிச்சதை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கோ. ஆகப் பழைய திகதியை அடுத்த பகுதியில் வாசிப்பன்.