மாதம் 5,000 ரூபாய், நாள் முழுக்க வார்டு

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் துவாக்குடியில் யாரும் நகராட்சி அலுவலகத்தின் வேலை நேரம் பார்ப்பதில்லை. கவுன்சிலர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது? 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை; கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி, அவ்வளவே. 2023 ஜூலை முதல் தமிழக அரசு மாத மதிப்பூதியம் வழங்குகிறது. அப்போது அறிவித்தபடி நகராட்சித் தலைவருக்கு 15,000, துணைத் தலைவருக்கு 10,000, உறுப்பினருக்கு 5,000 ரூபாய். பக்கத்துத் திருச்சி மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000, மேயருக்கு 30,000.

5,000 ரூபாயை நாள் கணக்கில் வகுத்தால் சுமார் 167 ரூபாய். வண்டிக்குப் பெட்ரோல், ஓயாத கைபேசி, கல்யாண வீட்டு மொய், துக்க வீட்டு மாலை, திருவிழா நன்கொடை... முகூர்த்த மாதத்தில் மொய்க்கே போதாது! பதவிக்கு வந்தவர் இந்த மதிப்பூதியத்தைச் சம்பளமாக நினைக்க முடியாது. நேர்மையாக இருப்பவருக்கு வேறு வருமானம் வேண்டும்.

பணம் மட்டுமல்ல, நேரமும் சிக்கல்தான், குறிப்பாகப் பெண்களுக்கு. தமிழக உள்ளாட்சியில் பாதி இடங்கள் அவர்களுக்கு. அடுப்படியும் பிள்ளைகளின் பாடமும் பல வீடுகளில் அவர்கள் பொறுப்பாகவே தொடர்கின்றன. 2023இல் திருவனந்தபுரம் மேயராக இருந்த ஆர்யா ராஜேந்திரன் கைக்குழந்தையை ஏந்தியபடி அலுவலகத்தில் கோப்பு பார்த்த படம் பெரிதாகப் பேசப்பட்டது. பாராட்டியவர்களும் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு. குழந்தையோடு கோப்பு பார்க்கும் ஆண் மேயரின் படம் ஏன் கண்ணில் படுவதில்லை என்று கேட்டவர்கள் குறைவு.