பனிக்காலத்தில் கோழிகளைத் தாக்கும் சுவாச நோய்கள்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகைப் பனி இறங்கத் தொடங்கியதும், நம் கிராமங்களில் புறக்கடைக் கோழிகளுக்குச் சோதனைக் காலம் ஆரம்பமாகிறது. தும்மல், மூக்கொழுகல், தொண்டையில் கொர்கொர் என்ற ஓசை, வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குதல் ஆகிய அறிகுறிகள் ஒரு வீட்டில் தோன்றி, சில நாட்களில் தெரு முழுவதும் பரவுகின்றன. தை பிறப்பதற்குள் பல வீடுகளில் பஞ்சாரம் காலியாகிவிடுகிறது.

நாட்டுக்கோழி ஒன்று ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகளே இடும். எனினும், நான்கைந்து கோழிகள் வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்திற்கு அந்த முட்டைகளும், அவ்வப்போது விற்கும் ஒரு சேவலும் கைச்செலவுக்கு உதவும் சேமிப்பாகும். குழந்தையின் நோட்டுப் புத்தகமும் வீட்டின் எண்ணெய்ச் செலவும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன. அந்தச் சேமிப்பு நிலத்தையோ மாட்டையோ நம்பி வாழ்வோருடையதன்று. அவை இரண்டும் இல்லாத பெண்களுடையது. ஆகையால், இந்நோய்களைப் பற்றி ஊராட்சி அங்கத்தினர்களும் விவசாயிகளும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

குளிர் மட்டுமே காரணமா?

குளிரே நோயை உண்டாக்குகிறது என்பது பொதுவான அபிப்பிராயம். இது முழு உண்மையன்று. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 106 டிகிரி பாரன்ஹீட். அதன் இறகுகள் நல்ல போர்வையாக அமைந்துள்ளன. நம் சமவெளியில் மார்கழி மாதத்து இரவுக் குளிரை, நனையாத, வயிறு நிறைந்த, வளர்ந்த கோழி எளிதில் தாங்கிக்கொள்ளும். தாங்க முடியாதவை மூன்று: ஈரம், நேராக அடிக்கும் காற்று, கெட்ட காற்று.

இவற்றுள் மூன்றாவதை நாமே உண்டாக்குகிறோம். கோழிகளுக்குக் குளிருமே என்ற இரக்கத்தால், கூட்டைச் சாக்கினாலும் பாலிதீன் தாளினாலும் இடுக்கின்றி மூடி, எட்டுக் கோழி தங்கும் இடத்தில் பதினைந்தை அடைத்துவிடுகிறோம். கோழிகளின் மூச்சில் வெளிப்படும் ஈரம் வெளியேற வழியின்றி எச்சத்தை நனைக்கிறது. நனைந்த எச்சத்திலிருந்து அம்மோனியா என்னும் வாயு எழுகிறது. காலையில் கூட்டைத் திறக்கும்போது நம் கண்ணைக் கரிக்கும் நெடி இதுவே. கோழியின் மூச்சுக்குழலில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் வேலையைச் செய்கின்றன. அம்மோனியா இவ்விழைகளைச் செயலிழக்கச் செய்கிறது. அதன் பிறகு கிருமிகளுக்குக் கதவு திறந்தாற்போல்தான். தவிரவும், கோழியின் மூச்சுக்காற்று நுரையீரலோடு நிற்பதில்லை. வயிறு வரையில் விரிந்துள்ள காற்றுப் பைகளுக்கும் செல்கிறது. ஆகையால் மூக்கில் தொடங்கிய நோய் விரைவில் உடலுக்குள் இறங்கிவிடுகிறது.

நோய்களை இனங்காணுதல்

எல்லாச் சளியும் ஒரே நோயன்று. நோய்க்கு ஏற்பவே சிகிச்சை மாறுமாதலால், கீழ்க்கண்ட வேறுபாடுகளை நினைவில் வைத்தல் நலம்.

முதலாவது, தொற்றுச் சளி நோய். மூக்கிலிருந்து துர்நாற்றமுள்ள சளி வடியும். கண்ணைச் சுற்றி முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். கிருமி புகுந்த ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் நோய் வெளிப்படும். பொதுவான தண்ணீர்த் தொட்டியே இதைப் பரப்பும் முக்கியமான வழி.

இரண்டாவது, நாட்பட்ட சுவாச நோய். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் இதற்குக் காரணம். கண்ணோரத்தில் நுரை, இருமல், இரவில் கேட்கும் கொர்கொர் ஓசை, எடை குறைதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கும். இறப்பு குறைவு, ஆனால் முட்டை குறையும். இது தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்லும்.

மூன்றாவது, வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய். 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரிலும் இந்நோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் காணப்பட்டதால் நம் நாட்டில் அப்பெயர் பெற்றது. மூச்சுத் திணறலோடு பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், இறக்கை தொங்குதல், கழுத்து திருகிக்கொள்ளுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். தடுப்பூசி போடாத கோழிகளில் பெரும்பாலானவை மாண்டுபோகும்.

நான்காவது, அம்மை. கொண்டையிலும் முகத்திலும் கொப்புளம் தோன்றுவதோடு, சில கோழிகளுக்கு வாயிலும் தொண்டையிலும் மஞ்சள் நிறப் படலம் படிந்து மூச்சை அடைக்கும்.

ஐந்தாவது, பூஞ்சை நோய். மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலையோ கடலைத் தோலையோ தரையில் பரப்புவதால் வருவது. இளங்குஞ்சுகளே அதிகம் பாதிக்கப்படும். வந்த பின் பயன் தரும் மருந்து இல்லை; பூசணமற்ற படுக்கையே பாதுகாப்பு.

இவை தவிர, காரணம் தெரியாமல் ஒரே நாளில் பல கோழிகள் இறந்தாலும், கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து வீங்கினாலும், அது பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். 2006-ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலத்து நவாப்பூரில் முதன்முறையாக நம் நாட்டில் காணப்பட்ட இந்நோய் மனிதரையும் தாக்க வல்லது. அத்தகைய கோழிகளைத் தொடவோ, அறுக்கவோ, வெளியே எடுத்துச் செல்லவோ கூடாது. உடனே கால்நடை மருந்தகத்திற்குத் தகவல் தர வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

ஒரு கோழி தும்மத் தொடங்கியதும் அதைப் பிரித்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் தனிப் பஞ்சாரத்தில் வைக்க வேண்டும். அதற்குத் தனித் தண்ணீர்க் கிண்ணம் வேண்டும். நலமான கோழிகளுக்குத் தீனி வைத்த பின்னரே நோயுற்றதைக் கவனித்தல் வேண்டும். பிறகு கைகால்களைச் சோப்பினால் கழுவ வேண்டும்.

மூக்கிலும் கண்ணிலும் உள்ள சளியை, வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டால் கோழி தீவனம் எடுக்கும். துணியை உடனே எரித்துவிட வேண்டும். குடிக்க வெதுவெதுப்பான நீரும், தின்ன எளிதில் செரிக்கும் குருணைக் கஞ்சியும் கொடுக்கலாம். இளங்குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் அளவு வெப்பம் தேவை. பின்னர் வாரத்திற்கு 5 டிகிரி குறைத்துக்கொள்ளலாம். விளக்கின் கீழ் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கினால் வெப்பம் போதவில்லை என்றும், விலகி ஓடினால் மிகுதி என்றும் அறியலாம்.

துளசி, தூதுவளை, கற்பூரவல்லி, மிளகு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்துத் தீவனத்தில் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். சாதாரணச் சளியில் இது கோழிக்கு ஆறுதலளிக்கலாம். ஆனால் இதை நம்பி வைத்தியரிடம் செல்லும் நாளைத் தள்ளிப்போடுதல் ஆகாது. மண்ணெண்ணெய், சாராயம் முதலியவற்றை வாயில் ஊற்றுவது பெரும் தவறு. கோழியின் மூச்சுக்குழல் நாக்கின் அடியிலேயே திறப்பதால், பலவந்தமாக ஊற்றும் எந்தத் திரவமும் நேரே நுரையீரலுக்குள் சென்று கோழியைக் கொல்லக்கூடும்.

மருந்து பற்றி

கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையால் பணமே விரயமாகும். இராணிக்கெட், அம்மை ஆகியவை வைரஸ் நோய்கள். எந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் அவ்வைரஸ்களைக் கொல்லாது. மைக்கோபிளாஸ்மாவிற்குச் செல்சுவர் இல்லாமையால் பென்சிலின் அதனிடம் பலிக்காது. தொற்றுச் சளிக்கும் நாட்பட்ட சுவாச நோய்க்கும் ஏற்ற மருந்துகள் உள்ளன. எதை, எந்த அளவில், எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். அவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். அவர் குறிப்பிடும் நாள்வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணவோ விற்கவோ கூடாது. மனிதருக்கு இன்றியமையாததாகிய கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவது 2019-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. தேவையற்ற மருந்தால் வலுப்பெறும் கிருமி நாளை நம் குழந்தைகளையும் தாக்கும் என்பதே இதன் உட்பொருள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். தொற்றுச் சளியும் நாட்பட்ட சுவாச நோயும் கண்டு பிழைத்த கோழிகள் பார்வைக்கு நலமாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கும். அவற்றின் முட்டைகளை அடைவைக்கக் கூடாது; அவற்றைப் புதிய குஞ்சுகளுடன் சேர்க்கவும் கூடாது.

தடுப்பூசி

இராணிக்கெட் நோய்க்கு உறுதியான காப்பு தடுப்பூசி ஒன்றே. குஞ்சு பொரித்த 7-ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், 28-ஆம் நாளில் மறுமுறையும் விட வேண்டும். 8-ஆம் வாரத்தில் தோலுக்கடியில் ஊசி போட வேண்டும். தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறையினர் பிப்ரவரித் திங்களில் இரு வாரக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம்களை நடத்தி வருகின்றனர். அக்காலத்தில் கோழிகளைக் காலையில் திறந்துவிடாமல் வைத்திருந்தால்தான் ஊசி போடுபவர் வீண்நடை நடக்க நேராது. நலமான கோழிக்கே ஊசி பயன் தரும்; நோய் புகுந்த பின் போடுவதால் பிரயோஜனமில்லை. கலக்கிய மருந்தைப் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்திற்குள் போட்டு முடிக்க வேண்டும்.

கூடும் தீவனமும்

நம் பகுதியில் பனிக்காலக் காற்று வடக்கிலிருந்து வாடையாகவும் கிழக்கிலிருந்து கொண்டலாகவும் வீசுகிறது. எனவே கூட்டின் வடக்கு, கிழக்குப் புறங்களை மட்டும் கோழியின் தலை உயரத்திற்குச் சாக்கினால் மறைத்து, தெற்குப் புறத்தில் கூரையை ஒட்டிக் கைநுழையும் இடைவெளி விடுதல் வேண்டும். காற்று கோழியின்மேல் அடிக்காமல் அதன் தலைக்கு மேலே சென்று நெடியை வெளியேற்றும். இரவு தங்குவதற்கு மட்டுமாயினும், வளர்ந்த கோழி ஒன்றுக்கு 1 சதுர அடிக்குக் குறையாத இடம் வேண்டும். தரையில் உலர்ந்த நெல் உமி பரப்பி, நனைந்த பகுதியை அன்றன்றே அள்ள வேண்டும். ஈர எச்சத்தின்மேல் சுண்ணாம்பு தூவினால் நெடி அதிகமாகும். எச்சத்தை அள்ளிய பின் சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு அடித்து, நன்றாக உலர்ந்த பிறகே கோழிகளை அடைக்க வேண்டும்.

மாலையில் அடைக்கும் முன் ஒரு பிடி கம்போ, சோளமோ, மக்காச்சோளமோ கூடுதலாகக் கொடுத்தால் இரவெல்லாம் உடற்சூடு குறையாது. முருங்கைக் கீரையில் உள்ள உயிர்ச்சத்து ‘ஏ’ மூச்சுப் பாதையின் உட்தோலைக் காக்கிறது. செலவில்லாத இந்த மருந்து அநேகமாக எல்லாக் கொல்லைகளிலும் உள்ளது.

ஊராட்சியின் கடமை

ஒரு வீட்டின் அசட்டை ஊரின் நஷ்டமாகிவிடும். கோழி தும்முவதைக் கண்டதும், இறப்பதற்குள் காசாக்கிவிடலாம் என்று சந்தைக்குக் கொண்டுபோகும் வழக்கமே இந்நோய்களை ஊருக்கு ஊர் பரப்புகிறது. அவ்வாறு விற்பவர் பெரும்பாலும் ஏழை. அவரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. மருத்துவ உதவி அருகிலேயே உண்டு என்ற நம்பிக்கையை அவருக்கு ஊட்டுவதே வழி. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான 1962 என்னும் தொலைபேசி எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் நியாய விலைக் கடையிலும் எழுதி வைக்கலாம்.

நவம்பர் 1-ஆம் நாள் கிராம சபையில் கூடு பழுதுபார்ப்பதையும், ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபையில் தடுப்பூசி முகாமையும் பற்றி அறிவிக்கலாம். முகாமன்று தெருவுக்கு ஓர் அங்கத்தினர் பொறுப்பேற்று, எந்த வீடும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளலாம். சந்தையில் வாங்கிய கோழியை 21 நாள் தனியே வைத்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும் என்பதை மகளிர் சுய உதவிக் குழுக்களின் வாயிலாகப் பரப்பலாம். இறந்த கோழிகளை ஓடையிலும் குப்பையிலும் எறியாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க ஓர் இடத்தை ஒதுக்கலாம்.

இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு சாக்கு, ஒரு கூடை உமி, உரிய காலத்தில் ஒரு தடுப்பூசி, அண்டை வீட்டாரிடம் சிறிது அக்கறை ஆகிய இவையே போதும். மார்கழிக்கு முன்பே இவற்றைச் செய்துவிடும் ஊரில், தை மாதத்திலும் பஞ்சாரங்கள் நிறைந்திருக்கும்.